கேட்டில் கொடுத்த நம்பர்

ஒன்பது வருஷம் கடற்படைக் கப்பல் தளத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு கப்பலிலும் கால் வைத்ததில்லை. ஊரில் இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? விக்கிரமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே டீக்கடையில் இருப்பவர்கள், "என்னம்மா, கப்பலெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள், என் வீட்டுக் கறவை மாட்டை விசாரிப்பது மாதிரி. "நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

தளம் இருந்தது ஆந்திரக் கரையில். நான் இருந்தது அதன் நூலகத்தில். கதைப் புத்தகமும் வார இதழும் அடுக்கியிருக்கிற நூலகம் இல்லை அது. கப்பலைப் பழுது பார்ப்பவர்களுக்கு வேண்டிய இயந்திர விளக்கப் புத்தகங்களும் வரைபடங்களும் மட்டுமே இருந்த இடம். நான் சீருடை இல்லாத சிவிலியன் குமாஸ்தா. காலையில் ஃபிட்டர்களும் வெல்டர்களும் கிரீஸ் கையோடு வந்து நிற்பார்கள். இன்ன பம்பு, இன்ன வால்வு என்று சொல்வார்கள். நான் வரைபடத்தை எடுத்துக் கொடுப்பேன். அதற்குப் பதிலாகத் தங்கள் டோக்கனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார்கள். சாயங்காலம் படம் வந்தால் டோக்கன் போகும்.

அந்த டோக்கனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தளத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை வில்லை உண்டு, அதில் ஒரு நம்பர். அங்கே நம்பர்தான் ஆள். சம்பளம் நம்பருக்கு, கேன்டீன் சாப்பாடு நம்பருக்கு. வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தாலும் கேட்டில் நம்பரைச் சொன்னால்தான் உள்ளே போன் போட்டுக் கூப்பிடுவார்கள். அத்தனை ஆயிரம் பேரில் பேரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அப்பன் ஆத்தா வைத்த பேர் வீட்டில் கூப்பிட மட்டும்தான்.

ஆள் வராத நேரமெல்லாம் எனக்குப் பசை வேலை. இயந்திரத்தில் ஏதாவது மாற்றம் வந்தால் புத்தகத்துக்குத் திருத்தச் சீட்டுகள் வரும். பழைய பத்திக்கு மேல் புதிய பத்தியை ஒட்ட வேண்டும், இல்லையென்றால் பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புதிய பக்கத்தைச் சேர்க்க வேண்டும். கிழித்த பக்கத்தைக் குப்பையில் போடக்கூடாது. சேர்த்து வைத்து, ஓர் அதிகாரி பார்த்துக்கொண்டு நிற்க, இரும்பு டிரம்மில் போட்டு எரித்துச் சாம்பலைக் கலைத்துவிட வேண்டும். எனக்கு இந்த வேலை பிடித்துத்தான் இருந்தது. யாரும் வந்து எதுவும் கேட்காத வேலை.

சேர்ந்த முதல் நாள் ஒரு பாதுகாப்பு அதிகாரி எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பேசினார். இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினார். எனக்கு இரண்டும் அரைகுறை. பக்கத்தில் இருந்த ஹெட் கிளார்க் அம்மாள் தெலுங்குத் தமிழில் காதோரம் சொன்னார்: "இங்க பாத்தது இங்கயே விட்டுடணும். வூட்ல புருசன்கிட்ட கூட சொல்லக்கூடாது." எனக்குப் புருஷன் இல்லை என்று அவருக்கு அப்போது தெரியாது. நான் பயந்துவிட்டேன். சொன்னால் வேலை போய்விடும், ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். என்ன வேலை, எந்தக் கட்டடம், என் நம்பர் என்ன, ஒன்றையும் யாரிடமும் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். எத்தனையோ வருஷம் கழித்து ஹெட் கிளார்க் அம்மாளிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடி பைத்தியமே, நீ பசை தடவறது தெரிஞ்சா எந்த நாட்டுக்காரன் படை எடுத்துட்டு வரப் போறான்?" அதை அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இந்த வேலை என் வீட்டுக்காரர் இறந்ததால் வந்த வேலை. அவர் அதே தளத்தில் வெல்டர். மஞ்சள் காமாலை முற்றி ஊருக்கு வந்தவர் எழுந்திருக்கவே இல்லை. கீழாநெல்லி கொடுத்தோம், அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எதுவும் கேட்கவில்லை. என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தருவார்கள். யாருக்கு என்பதில்தான் வந்தது வினை.

மாமனார் மாமியார் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். என் கொழுந்தன், அதாவது வீட்டுக்காரரின் தம்பி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் காட்டில் பருத்தி போட்டுக்கொண்டிருந்தான். சான்றிதழ் விஷயமாகப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசுக்கு இரண்டு பேரும் அலைந்தோம். ஒருநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டான்.

"அண்ணி, நீங்க பொம்பள. பாஷை தெரியாத ஊர்ல போயி என்னங்க பண்ணுவீங்க? வேலைய எனக்கு விட்டுக் குடுங்க. உங்க ரெண்டு பேத்தையும் நான் வச்சுப் பாத்துக்கறேன்."

"வச்சுப் பாத்துக்கறதுக்கு நான் என்ன கன்னுக்குட்டியா?" என்றேன். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு மெதுவாகப் பேச வராது. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் வந்து, ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டான். போடாமல் இழுத்தடித்திருந்தால் நான் என்ன செய்திருக்க முடியும்?

ஆர்டர் வருவதற்குள் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளையை அந்த ஊருக்குக் கூட்டிப்போய் எங்கே வைப்பது? ஒண்டுக் குடித்தன அறை, காலை எட்டு மணிக்குக் கேட்டுக்குள் போனால் சாயங்காலம்தான் வெளியே விடுவார்கள், பார்த்துக்கொள்ள ஒரு நாதி கிடையாது. கொழுந்தன் பெண்டாட்டி, என் ஓரகத்திதான் சொன்னாள், "உட்டுட்டுப் போங்கக்கா. ஒரு வருசந்தானே, நான் பாத்துக்கறேன்." அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லை. ஒரு வருஷம் என்று சொல்லி விட்டுவிட்டுப் போனேன். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தேன். குவார்ட்டர்ஸ் என்ன மரத்திலா காய்க்கிறது? நான்கு வருஷம் ஆயிற்று.

வருஷத்துக்கு ஒரு தரம் வெயில் காலத்தில் வருவேன். லீவு விண்ணப்பத்தில் சொந்த ஊர் விலாசம் எழுத வேண்டும். ஒரு வருஷம் பெரம்பலூர் மாவட்டம் என்று எழுதினேன், அடுத்து அரியலூர் மாவட்டம், அதற்கடுத்து மறுபடியும் பெரம்பலூர். "ஏம்மா, உங்க ஊர் நடந்துட்டே இருக்கா?" என்று கேட்டார் ஹெட் கிளார்க் அம்மாள். அரசாங்கம் மாவட்டத்தைப் பிரிப்பதற்கும் சேர்ப்பதற்கும் நான் என்ன பண்ணட்டும்.

ஊருக்கு வந்தால் மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிவாள், முதல் இரண்டு வருஷம். "அம்மா, அங்க நீ என்ன வேல பாக்கற?" என்று கேட்பாள். "அதெல்லாம் சொல்லக்கூடாதுடி." "கப்பல் ஓட்டுறியா?" "இல்ல." "அப்ப என்ன?" "சும்மா இரு." ஓரகத்தியும் கேட்டாள், கொழுந்தனும் கேட்டான். இதே பதில்தான். கடிதம் போட ஒரு தபால் பெட்டி எண் மட்டும் கொடுத்திருந்தேன். வாடகை அறை மாறிக்கொண்டே இருந்ததால் அந்த விலாசத்தை அவர்களுக்கு எழுதியதே இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முப்பது வயதுகூட ஆகாத விதவை, தூர தேசத்தில் வேலை, என்ன வேலை என்று சொல்லமாட்டேன் என்கிறாள். சனங்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! எனக்கு நானே பெரிய ராணுவ ரகசியம் காக்கிறேன் என்று ஒரு நினைப்பு.

ஒரு தை மாதத்துக்கப்புறம் ஊரிலிருந்து கடிதம் வருவது நின்றுபோயிற்று. நான் எழுதியதற்கும் பதில் இல்லை. அறுவடை வேலை, அதனால் எழுதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்தச் சித்திரையில்தான் எனக்கு குவார்ட்டர்ஸும் கிடைத்தது. ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். பள்ளிக்கூடத்தில் போய் இடமும் சொல்லி வைத்துவிட்டேன். ஜன்னலுக்குத் திரை வாங்கினேன், பிள்ளைக்குச் சின்னதாக ஒரு தட்டு டம்ளர் வாங்கினேன். இந்தத் தடவை பிள்ளையோடுதான் திரும்புவது என்று கிளம்பினேன்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கி பஸ் பிடித்தேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் ரோட்டில் வேலிக்கருவேலெல்லாம் வெள்ளை பூத்து நின்றது. வீட்டு வாசலில் நுழைந்ததும் மகளைத்தான் தேடினேன். ஒன்பது வயது, நன்றாக வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் ஓரகத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். கொழுந்தன், "வாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டான். உச்சி வெயிலில் அவனுக்கு அங்கே என்ன வேலை?

வாங்கி வந்த கவுனைக் கொடுத்தேன். வாங்கித் தின்னாமல் வைக்கிற மிட்டாய் மாதிரி அதை அப்படியே பெட்டிமேல் வைத்தாள். "ஏன்டி, அம்மா மேல கோவமா?" என்றேன். மறுபடி அடுப்படிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் ஓரகத்தியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "என்ன நடந்துச்சு இந்த வூட்ல? மறைக்காம சொல்லு" என்று பிடித்தேன்.

அவள் முதலில் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

"தை கடைசியில வேண்டுதலுக்குத் திருப்பதி போனோங்க்கா. பாப்பாவுக்கு மொட்டை போட்டு முடிஞ்சதும் ஒரே அடம். அம்மாவும் ஆந்திராவுலதானே இருக்குது, போயிப் பாக்கலாம், போயிப் பாக்கலாம்னு. இவருக்கும் சரி, பக்கந்தானேன்னு தோணிப் போச்சு. ரயிலேறுனா போயிட்டே இருக்கு, போயிட்டே இருக்கு. விடிஞ்சும் போயிட்டிருக்கு."

திருப்பதிக்குப் பக்கம்! ஆந்திரா என்றால் அரியலூரும் பெரம்பலூரும் மாதிரி ஒரு பஸ் தூரம் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டியது. வரவில்லை.

ஒருவழியாகக் கேட்டுக்கு வந்து சேர்ந்து என் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். காவலுக்கு இருந்தவன், பேர் வேண்டாம், நம்பர் சொல் என்றிருக்கிறான். என் நம்பர் இவர்களுக்கு எங்கே தெரியும்? ஆனால் என் வீட்டுக்காரர் நம்பர் கொழுந்தனுக்கு மனப்பாடம். அண்ணன் கடிதம் போடும்போதெல்லாம் பேருக்குக் கீழே அந்த நம்பரையும் எழுதுவார். அதையே கவர் கவராக எழுதிப் பதில் போட்டவன்தானே இவன். அண்ணன் வேலைதானே அண்ணிக்கு வந்தது, அப்படியானால் நம்பரும் அதேதானே வந்திருக்கும் என்று நினைத்து அதைச் சொல்லிவிட்டான். ஒரு நிலத்துக்குப் பட்டா மாறினாலும் சர்வே நம்பர் மாறாதே, அந்த மாதிரி. தளத்தில் அப்படி இல்லை. ஆள் இறந்தால் நம்பரும் முடிந்தது. எனக்கு வேறு நம்பர்.

காவல்காரன் உள்ளே கேட்டுவிட்டு வந்து, கையை விரித்து, மேலே காட்டி, அந்த ஆள் செத்துப்போயாச்சு என்றிருக்கிறான். பாஷை புரியாவிட்டாலும் அந்தக் கை புரியாதா? என் மகள் நடுரோட்டில் உட்கார்ந்து, அம்மா செத்துப்போச்சா என்று கத்தியிருக்கிறாள். கொழுந்தன் மறுபடி மறுபடி என் பேரைச் சொல்ல, அவன் லத்தியைத் தட்டி, போ போ என்று விரட்டியிருக்கிறான். வெயிலில் நின்று பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. அன்றைக்குச் சாயங்காலமே ரயிலேறிவிட்டார்கள்.

"செத்துப் போயிருந்தா தந்தி வந்திருக்குமே, அதெல்லாம் இல்லன்னு சொல்லித்தான் தேத்துனோம். அப்புறம் உங்க லெட்டர் வந்துச்சு. எழுத்து உங்க எழுத்துதான். அப்பறந்தான்க்கா இவருக்கு மனசு உட்டுப்போச்சு. அங்க செத்தாச்சுங்கறான், இங்க லெட்டர் வருது, அந்த வேலையே பொய்யின்னு தோணிப்போச்சு. அப்ப அண்ணி எங்க இருக்கு, யார்கூட இருக்குன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கொழுந்தன் வரும்வரை வாசலில் நின்றேன். வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் தம்பி, செத்தவரு நம்பரக் குடுத்துட்டு, உயிரோட இருக்கறவள காணும்னு வந்திருக்கியே, உனக்கு அறிவிருக்கா? எம் புள்ள முன்னால அந்த வார்த்தைய கேக்க வச்சிட்டியே! ஒரு கார்டு போட்டுக் கேக்கக்கூடாதா என்னைய?"

அவன் கத்தவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான். "எனக்கு வேற என்ன நம்பருங்க தெரியும் அண்ணி? நீங்க எப்பவாச்சும் ஒண்ணு சொல்லியிருக்கீங்களா? என்ன வேலைன்னு சொன்னீங்களா, எங்க தங்கியிருக்கீங்கன்னு சொன்னீங்களா? அந்த கேட்டுல ஒரு நாள் பூரா நாய் மாதிரி நின்னேன். புள்ளய தோள்ல போட்டுக்கிட்டு நின்னேன்."

நான் வாயடைத்துப் போனதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்கள்.

மறுநாள் மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயிலில் போட்டால் போடட்டும் என்று சொன்னேன். நூலகம், அலமாரி, வரைபடம், பசை, டிரம்மில் எரிப்பது வரைக்கும் சொன்னேன். என் நம்பரையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு நீ உள்ளதான் இருந்தியா?"

"ஆமாடி."

"நான் கத்துனேனே. கேக்கலயா உனக்கு?"

"உள்ள ரொம்ப தூரம்டி தங்கம். மெசின் சத்தம் வேற."

"சித்தப்பா வந்துரும். நான் எங்கேர்ந்து கத்துனாலும் சித்தப்பா வந்துரும்" என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். எந்த நாள் அது, அன்றைக்கு அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். பசை தடவிக்கொண்டிருந்திருப்பேன், வேறென்ன. எல்லா நாளும் ஒரே மாதிரியான நாள்கள்தான்.

ஆனாலும் நான் விடுவதாக இல்லை. பெற்றவள் நான். குவார்ட்டர்ஸ் இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் இடம் இருக்கிறது, கூடவே இருந்தால் நாளடைவில் எல்லாம் சரியாகிவிடும். லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, சாப்பாடு ஆனபிறகு, பிள்ளையை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தேன். கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஓரகத்தி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொழுந்தன்தான் பேசினான்.

"உங்க புள்ளைங்க. வேணாம்னு சொல்ல நாங்க யாரு? பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க. அது வரேன்னா கூட்டிட்டுப் போங்க. நானே ரயிலேத்தி வுடறேன்."

சரி என்றேன். நானும்தான் சரி என்றேன், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. "சொல்லுடி, அம்மாகூட வரியா? இங்கயே இருக்கியா?"

மகள் என்னைப் பார்த்தாள். கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டாள்.

"சித்தி, நான் என்ன சொல்லணும்?"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். சொன்னவனைக் கொண்டுவந்து அன்றைக்கு அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் வலிக்காத பதில் ஒன்று எங்கேயாவது இருக்கும், அது பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பிக் கேட்கிறது பிள்ளை. எங்கள் ஒருவரிடமும் அது இல்லை. ஓரகத்தி திரும்பவே இல்லை. "போறேன்னு சொல்லு தாயி" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. மகள் உடனே என் பக்கம் திரும்பி, பாடம் ஒப்பிப்பது மாதிரி, "போறேன்" என்றாள்.

வரேன் என்று சொல்லவில்லை. போறேன் என்றாள். வாங்கிய திரையும் தட்டும் டம்ளரும் என் கண்முன்னால் வந்து நின்றன. "சரி கெளம்பு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் வந்திருப்பாள். அவ்வளவு நல்ல பிள்ளையாக அவளை அவர்கள் வளர்த்து வைத்திருந்தார்கள். அதுவே எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் ஆத்திரம் என்றுதான் தெரியவில்லை.

"வேணாம்" என்றேன். "இங்கயே இருக்கட்டும். படிப்பு முடியட்டும். யாரும் இனிமே இவகிட்ட இந்தக் கேள்வியக் கேக்கக்கூடாது, சொல்லிப்புட்டேன்." குரல் பெரிதாகத்தான் வந்தது. எனக்கு வேறு மாதிரி வராது.

கொழுந்தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். நான் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் வந்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் வளையலைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்லச் சாய்ந்து என் மடியில் தலை வைத்துப் படுத்தாள். நான் வந்து இத்தனை நாளில் தானாக என் பக்கத்தில் வராத பிள்ளை. மொட்டை போட்டு வளர்ந்த முடி குட்டையாக, முள்ளு முள்ளாக என் கையில் குத்தியது. கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்று தெரிந்தபிறகுதான் அவளுக்கு என்னிடம் வரத் தைரியம் வந்தது.

"அம்மா, எப்ப கெளம்பற?"

"நாளன்னிக்கு."

"நாளைக்கு ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறியா? நீயும் நானும் மட்டும்?"

"போலாம்டி" என்றேன்.

சிரித்தாள். அவ்வளவு நிம்மதியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.